விற்க முடியாத நிலம்

நிலத்துக்கு இரண்டே வகையான உடையவர்கள் உண்டு என்றுதான் நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். பட்டா வைத்திருக்கும் தனி மனிதர் ஒருவர், மற்றவர் அரசாங்கம். தனி மனிதர் பணமுடை வந்தபோது தம் நிலத்தை விற்பார். அவர் விற்காவிட்டால் அவர் மக்கள் விற்பார்கள். அரசாங்கம் விற்பதில்லை. ஆனால் தேவை என்று தோன்றியபோது ஓர் அறிவிக்கையை வெளியிட்டு, நேற்று வரையில் காடாக இருந்ததை இன்று முதல் துறைமுகம் என்று ஆக்கிவிடும். ஆகவே, இரண்டு கைகளிலும் காடு நிலைத்து நிற்கும் என்று உறுதி சொல்வதற்கில்லை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று யாரும் மயங்க வேண்டா. சோழர் காலத்துக் கோயிற் சுவர்களைப் படித்தவர்கள் அதை நன்கு அறிவார்கள். ஓர் ஊரார் ஒரு துண்டு நிலத்தைக் கோயிலுக்கோ குளத்துக்கோ எழுதி வைத்தபோது, அதைச் 'சந்திராதித்தவல்' என்று கல்லில் வெட்டினார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரையில் என்பது பொருள். அந்த நிலத்தைப் பார்த்துக் கொள்கிறவர் அதன் உடையவர் அல்லர், காவலர். விளைச்சலைச் சொன்ன செலவுக்கு எடுக்கலாம். நிலத்தை விற்க அவருக்கு உரிமை இல்லை. அப்படி எழுதி வைத்த நிலங்களும் பிற்காலத்தில் எப்படியெல்லாம் கைமாறின என்பது வேறு கதை. அதைத் தனியாக ஒரு கட்டுரையில்தான் அழ வேண்டும். எனினும், விற்க முடியாத நிலம் என்ற கருத்து தமிழனுக்குப் புதிது அன்று.

இந்தக் கருத்தையே காட்டுக்கும் சதுப்புக்கும் பறவைக்கும் உரியதாக்கினால் அதுதான் நில அறக்கட்டளை. சிலர் கூடி ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்கிறார்கள். அது நிலத்தை விலைக்கு வாங்குகிறது. அல்லது நன்கொடையாகவோ குத்தகையாகவோ பெறுகிறது. நிலம் எதற்காக வைக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதப்படுகிறது. அறங்காவலர்கள் மாறலாம், நிலத்தின் வேலை மாறக் கூடாது. 

இங்கிலாந்தில் 1895-இல் 'தேசிய அறக்கட்டளை' தொடங்கியபோது அதன் கையில் வந்தது வேல்ஸ் நாட்டுக் கடற்கரைக் குன்று ஒன்றில் ஏறத்தாழ 5 ஏக்கர். ஓர் அம்மையார் கொடுத்த நன்கொடை அது. 1899-இல் விக்கன் என்னும் ஊரின் சதுப்பில் 2 ஏக்கரைப் பத்துப் பவுனுக்கு வாங்கினார்கள். சதுப்பை யார் விலை கொடுத்து வாங்குவார் என்று ஊரார் நகைத்திருக்கக் கூடும். 1907-இல் பாராளுமன்றம் அந்த அறக்கட்டளைக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, அது 'விற்க இயலாதது' என்று அறிவிக்கும் நிலத்தைப் பிறகு யாரும் விற்க முடியாதபடி செய்தது. இன்று அதன் காவலில் ஏறத்தாழ 2,50,000 எக்டேர் நிலம் இருக்கிறது. ஐந்து ஏக்கரில் தொடங்கியதை மட்டும் நாம் நினைவில் வைத்துக் கொண்டால் போதும்.

இவற்றையெல்லாம் எழுதத் தூண்டியது என் ஊர். அந்தமானில், 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், டாலிகஞ்ச் என்னும் பகுதி அது. கடல்சார் தொழில்நுட்பத்தை ஆராயும் தேசிய நிறுவனத்தின் நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கு அப்பால் அதன் பெயரைக் கேட்டவர்கள் நம் பல்கலைக் கழகத்தில் மிகச் சிலரே இருப்பார்கள். அந்தமான் என்றவுடன் சிறைக்கூடத்தையும் தேனிலவையும் நினைப்பவர்களுக்கு டாலிகஞ்சில் காண்பதற்கு ஒன்றுமில்லை. கடைகள், பேருந்துகள், வீடு கட்டுவதற்கு வந்து இறங்கும் செங்கல். ஆனால் அங்கிருந்து கராச்சராமா வழியாகத் தென்மேற்கே வண்டூர் வரையில் ஒருமுறை பயணம் செய்தால், ஒரு பக்கம் சட்டம் காக்கும் காட்டையும், மறு பக்கம் யாருமே காக்காத தாழ்நிலத்தையும் அடுத்தடுத்துக் காணலாம்.

முதலில் நல்ல செய்தி. அந்த வழியின் முடிவில், வடக்கு வண்டூரில், அறக்கட்டளை ஒன்றின் கையில் இருக்கும் சிறு நிலம் ஒன்று உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய தோழர்களும் 1976-இல் நிறுவிய சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை அது. அதன் கிளையாக 1990-ஆம் ஆண்டளவில் எழுந்தது 'அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழு'. கடல் முதலைகளும் ஆமைகளும் தீவுகளில் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்கச் சென்றவர்களுக்குத் தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடமே நிலையமாக வளர்ந்தது. அருகில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. அதன் பரப்பு 281.5 சதுர கிலோமீட்டர். அத்தனை பெரிய பூங்காவின் அருகே ஒரு குடிசைத் தொகுதி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம்.

செய்திருக்கிறது. ஆராய்ச்சியாளன் ஒருவன் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கிப் பவளப் பாறையையோ பல்லியையோ கவனிக்க முடிகிறது. 1925 முதல் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்டு நடு அந்தமானில் குடியமர்ந்த கேரன் மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே களப் பணியாளர்களாக இருக்கிறார்கள். படகையும் காட்டையும் அவர்களைப் போல் அறிந்த பட்டதாரி எவரும் இல்லை. பள்ளிச் சிறுவர்கள் வந்து அலையாத்தி மரத்தின் வேர் ஏன் மேல்நோக்கி வளர்கிறது என்று கேட்டுப் போகிறார்கள். தட்சிண் அறக்கட்டளையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இந்த நிலையத்தோடு சேர்ந்து, சின்ன அந்தமானில் முட்டையிட வரும் ஏழுவரி ஆமைகளை 2008 முதல் கணக்கெடுத்து வருகின்றன. உலகிலேயே பெரிய ஆமை அதுதான். 2011 முதல் சில ஆமைகளின் முதுகில் செயற்கைக் கோளோடு பேசும் கருவியைப் பொருத்தி விட்டார்கள். சில ஆமைகள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை நோக்கியும், சில ஆஸ்திரேலியாவை நோக்கியும் நீந்திச் சென்றன. ஒரு கடற்கரையைக் காத்தால் ஒரு பெருங்கடலையே காத்தது போல் ஆகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தப் பணியின் தொடக்கத்தில் ஒரு மாணவர் இருந்தார் என்பது நம் ஏட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டிய செய்தி. சதீஷ் பாஸ்கர் என்பது அவர் பெயர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படிக்க வந்தவர். பொறியியலை விட்டு ஆமைகளின் பின்னால் நடக்கத் தொடங்கினார். நடந்தார் என்பதை அப்படியே பொருள் கொள்ளுங்கள்: இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நடந்திருக்கிறார், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் கரைகளும் அதில் அடங்கும். 1982-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இலட்சத்தீவின் ஆளில்லாத சுகேலித் தீவில் பல மாதங்கள் தனியே தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் அதை அஞ்சலில் சேர்த்தார். அந்தமானின் சவுத் ரீப் என்னும் சிறு தீவில் அழுங்காமைகளைப் பல பருவங்கள் காத்திருந்து எண்ணினார். 2023-இல் காலமானார். அந்தமானின் ஆமைக் கரைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதிக்கு அடித்தளம் அவருடைய குறிப்பேடுகள்.

இனி, ஓர் ஐயத்தைத் தீர்க்க வேண்டும். அந்தமான் நிக்கோபாரின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். 2021-ஆம் ஆண்டின் காட்டு நில அறிக்கையின்படி அதில் 6,744 சதுர கிலோமீட்டர் காடு. நூற்றுக்கு எண்பத்தொன்றுக்கும் மேல். இத்தனை காடு இருக்கும் இடத்தில், அதுவும் ஏறத்தாழ எல்லாம் அரசாங்கக் காடாக இருக்கும் இடத்தில், அறக்கட்டளைக்கு என்ன வேலை என்று பொருளாதாரம் படிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று கசப்பானது, மற்றது எளிது.

கசப்பான விடை பெரிய நிக்கோபாரில் இருக்கிறது. அங்கே கலத்தியா விரிகுடாவில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடுகின்றன; இந்தியப் பெருங்கடலின் வட பகுதியில் அவற்றுக்கு இருக்கும் தலையாய கரைகளுள் அது ஒன்று. 1997-இல் அதைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2021 சனவரியில் தேசிய வனவுயிர் வாரியத்தின் நிலைக்குழு அந்த அறிவிப்பை நீக்க இசைந்தது. காரணம், அங்கே சரக்குப் பெட்டகத் துறைமுகம் வர வேண்டும். விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று விரியும் அத்திட்டத்துக்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை விட்டுக் கொடுக்க 2022 அக்டோபரில் முதற்கட்ட இசைவும், அடுத்த திங்களில் சுற்றுச்சூழல் இசைவும் கிடைத்தன. வெட்டப்படும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நடுவதற்குக் குறிக்கப்பட்ட இடம் எது தெரியுமா? ஹரியானா! நிக்கோபார்க் காட்டின் குரங்கும் நிலக்கோழியும் இரயில் ஏறிக் குருச்சேத்திரம் போய்ச் சேர வேண்டும் போலும். திட்டம் நாட்டுக்கு வேண்டியது என்போர் உளர். கடற்படைக் கண்கொண்டு பார்க்கிறவர்கள் சொல்வதில் பொருள் இல்லாமலும் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றே: இருபத்து நான்கு ஆண்டுகள் சரணாலயமாக இருந்த கரை, ஒரு கூட்டத்தின் முடிவால் சரணாலயம் அல்லாததாக ஆக முடிந்தது. அரசாங்கம் கொடுத்த காவலை அரசாங்கமே எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு, அந்தக் காவல் ஒன்றையே நம்பி இருப்பது எப்படி?

இந்த இடத்தில் அறக்கட்டளைகளை அளவுக்கு மீறிப் புகழ நான் விரும்பவில்லை. கலத்தியாவை எந்த அறக்கட்டளையும் விலைக்கு வாங்கிவிட முடியாது. பெரிய காடுகளுக்கு வழக்கு மன்றமும் பொதுமக்கள் குரலும்தான் காவல். அதற்கும் அந்தமானிலேயே எடுத்துக்காட்டு உண்டு. சமீர் ஆச்சாரியா நடத்திய 'அந்தமான் நிக்கோபார் சூழலியல் சங்கம்' என்னும் சிறு அமைப்பு, கல்பவிருட்சம், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் ஆகியவற்றோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிமன்றம் சேகர் சிங் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கையை ஏற்று 2002 மே 7-இல் ஆணை பிறந்தது. பழங்குடியினர் காப்பிடங்களில் மரம் வெட்டுவதை அது நிறுத்தியது. தீவு மரத்தை வாணிகத்துக்காகத் தாய்நாட்டுக்கு ஏற்றுவதைத் தடுத்தது. 1883-இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை தொடங்கிய நாள் முதல் படாக்கும் கர்ஜனும் கப்பலேறிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், இது சிறிய மாற்றம் அன்று. ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிச் செல்லும் நெடுஞ்சாலையின் பகுதிகளை மூட வேண்டும் என்றும் அதே ஆணை கூறியது. அந்தச் சாலையில் இன்னும் வண்டிகள் ஓடுகின்றன. ஆணை பிறப்பது வேறு, நடப்பது வேறு. பிறகு கேட்பதற்கு உள்ளூரில் யாராவது இருந்து கொண்டே இருக்க வேண்டும்.

எளிய விடைக்கு வருவோம். நான் முன்பு சொன்ன, யாருமே காக்காத தாழ்நிலம்தான் அந்த விடை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலம் நடுங்கியபோது, அந்தமானின் வட பகுதி உயர்ந்தது; தென் பகுதி தாழ்ந்தது. போர்ட் பிளேரைச் சுற்றியுள்ள நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. ஆழிப் பேரலை வந்து போன பிறகும் கடல் முழுவதும் திரும்பிப் போகவில்லை. டாலிகஞ்சிலிருந்து வண்டூர் செல்லும் வழியில் சிப்பிகாட் என்னும் இடத்தில் நெல்வயல்களாக இருந்தவை உவர்நீர் நிலைகளாயின. தென்னை மரங்கள் நீரில் நின்றபடியே பட்டுப்போயின. உழவர் குடும்பங்களுக்கு அது பேரிழப்பு. அவர்களுள் பலர் 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து, குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் என்று பெற்றுக் காட்டைத் திருத்தி வயலாக்கியவர்களின் மக்கள். இரண்டாம் முறையும் நிலத்தை இழந்தார்கள்.

மனிதர் இழந்த இடத்தைப் பறவைகள் கண்டுகொண்டன. நாமக்கோழியும் உள்ளானும் வந்தன. வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி வரும் வாத்துகள் வந்தன. உலகில் அந்தமானிலும் அதற்கு வடக்கே உள்ள கோக்கோத் தீவுகளிலும் மட்டுமே வாழும் அந்தமான் கிளுவை வந்தது. இந்தக் கிளுவையின் வாழ்க்கை முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது காட்டு மரப் பொந்தில் முட்டையிடுகிறது. அலையாத்திக் காட்டில் ஒதுங்குகிறது. இரைக்கு வயலுக்கும் சதுப்புக்கும் வருகிறது. காடும் அலையாத்தியும் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. வயலும் சதுப்பும் இல்லை. அதன் படுக்கையறையைக் காக்க வனத் துறை இருக்கிறது. அடுக்களையைக் காக்க ஆளில்லை. நூற்றுக்கு எண்பத்தொன்று காடு என்று பெருமை பேசுகிற நாம், எஞ்சிய பத்தொன்பதில்தான் மனிதரும் இந்தப் பறவையும் ஒரே துண்டு நிலத்துக்காகப் போட்டியிடுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்தத் தாழ்நிலம் பதிவேட்டில் வயல்; கண்ணுக்குக் கழி. பயிர் ஏறாத நிலத்தை வைத்துக் கொண்டு உழவர் என்ன செய்வார்? மண் கொட்டி மேடாக்க வருகிறவருக்குக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. நகரம் டாலிகஞ்சைத் தாண்டிக் கராச்சராமாவையும் தாண்டிப் பரவிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பள்ளமாக நிரம்பிய பிறகு, பெருமழையில் நீர் எங்கே போகும்? ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் எங்களுடையது. ஆயினும் கோடையில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள்தான் வருகிறது. நகரம் பெரிதும் நம்பியிருப்பது தானிகாரி அணையை. மழையைப் பிடித்து வைக்கும் பள்ளங்களை மூடிவிட்டு, அணையில் நீர் இல்லையே என்று ஏங்குவதை அறியாமை என்பதா, வேடிக்கை என்பதா?

இங்கேதான் நில அறக்கட்டளை ஒன்று தேவைப்படுகிறது. அரசாங்கம் சரணாலயம் என்று அறிவிக்கும் அளவுக்குப் பெரிதும் அல்ல, தனியார் தாமாகவே காக்கும் அளவுக்கு வருவாய் தருவதும் அல்ல என்று நடுவில் கிடக்கும் நிலம் இது. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று துண்டு துண்டாக இருப்பதால்தான் இதைச் சிறிய அமைப்பு ஒன்றினால் காக்க முடியும்.

சட்டத்தில் வழி இருக்கிறதா? வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை 2002-இல் திருத்தியபோது 'சமுதாயக் காப்பகம்' என்று ஒரு புதிய வகையைச் சேர்த்தார்கள். தனியாரோ ஊராரோ தாமாக முன்வந்து தம் நிலத்தில் உள்ள உயிர்களைக் காக்க விரும்பினால், அந்த நிலத்தைக் காப்பகமாக அறிவிக்கலாம். அறிவித்த பிறகு, நிருவாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. நிலம் உடையவரிடமே இருக்கும். பஞ்சாபின் கேசோப்பூர்ச் சதுப்பு 2007-இல் இவ்வாறு காப்பகமாயிற்று. அதுவும் ஊர்களின் கையிலிருந்த சதுப்புத்தான். அதே திருத்தத்தில் பிறந்த இன்னொரு வகைக்கு நாட்டிலேயே முதல் எடுத்துக்காட்டு நம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும் ஊர். 2005-இல் அங்கே காப்பகம் அமைந்தது, பரப்பு 2.84 எக்டேர், அதாவது ஏழு ஏக்கர். ஏழே ஏக்கர்! வேடந்தாங்கலிலும் காவல் ஊராரிடமிருந்தே தொடங்கிற்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்று அறிந்த ஊரார், வேட்டையாட வந்த சிப்பாய்களைப் பற்றிக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இலேயே காவலுக்கு எழுத்து வாங்கி வைத்தார்கள்.

அந்தமானில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு; அதை மறைத்துப் பயனில்லை. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையின்படி தீவுகளின் நிலம் எல்லாம் அரசாங்கத்தைச் சேர்ந்தது. மக்கள் அதைக் குடியுரிமையாகவும் மானியமாகவும் உரிமமாகவும் பெற்று அனுபவிக்கிறார்கள். ஆகவே சென்னையிலிருந்து பணத்தோடு வந்து ஒருவர் சதுப்பை விலைக்கு வாங்கிவிடலாம் என்று கனவு காண வேண்டா. அது ஒருவகையில் நல்லதே. நிலம் உள்ள உழவரையும், அருகில் வாழ்கிறவரையும், அரசாங்கத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்காமல் அங்கே எந்த அறக்கட்டளையும் இயங்க முடியாது. உழவருக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம். அவர் பிள்ளைக்குப் படகோட்டும் வேலை, வழிகாட்டும் வேலை. நிலத்தின் பெயர் அவரிடமே. அவருக்கு நட்டம் வரும்படியான எந்தக் காவலும் நீண்ட நாள் நிற்காது, நிற்கவும் கூடாது.

'இயற்கையைக் காக்கிறோம் என்று வெளியூர்ப் படிப்பாளிகள் வந்து வேலி போடுவார்கள். மீன் பிடிக்கப் போகிற ஏழை அதற்கு வெளியே நிற்பான்' என்று ஒரு குறை எப்போதும் சொல்லப்படுகிறது. பல இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அந்தமானில் இதைப் பேசுகிறவர்கள் இன்னும் ஒரு படி பின்னோக்கிப் போக வேண்டும். வேலிக்கு உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று நாம் எண்ணும் எல்லாருமே பின்னால் வந்தவர்கள். ஓங்கிகளும் ஜாரவாக்களும் சென்டினல் மக்களும் நிக்கோபாரில் சோம்பென்களும் எந்தப் பத்திரமும் இல்லாமல் அந்தக் காடுகளைப் பல்லாயிரம் ஆண்டுகளாக வைத்திருந்தவர்கள். பெரிய நிக்கோபார்த் திட்டத்துக்கு முதலில் இசைவுக் கடிதம் கொடுத்த பழங்குடி மன்றத்தார், 2022 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். தமிழரும் பின்னால் வந்தவர்களே. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். மழைக்காட்டை அழித்த இடத்தில்தான் அந்த இரப்பர் வளர்ந்தது. தேயிலைக்காக ஒரு காட்டையும் இரப்பருக்காக ஒரு காட்டையும் பிறருக்காக வெட்டிக் கொடுத்த அந்த மக்கள் இரண்டிலும் நிலம் பெறவில்லை. காடும் போயிற்று, நிலமும் கிடைக்கவில்லை என்ற அந்த அனுபவம் உள்ள ஓர் இனத்துக்கு, நிலத்தை யார் எதற்காக வைத்திருக்க வேண்டும் என்று பேச உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

காப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். அந்தமானில் புள்ளிமானை ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டார்கள். அதைத் தின்னப் புலியோ சிறுத்தையோ அங்கே இல்லை. தீவு விட்டுத் தீவு நீந்திப் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. நம் ஊரில் அழகுக்குச் சான்றாகக் காட்டும் மான், அங்கே காட்டுக்கு நோய். நிலத்தைக் கையில் வைத்திருக்கிறவர் மானுக்கு வேலி கட்ட வேண்டும். கடல்நீர் எந்த மதகு வழியாக ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். குப்பையை அள்ள வேண்டும். அலையாத்திக் கன்று தானே முளைக்கிறதா, நட வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். முன்பு சொன்ன விக்கன் சதுப்பிலும் கோரையை அறுத்துக் கொண்டே இருந்தால்தான் சதுப்பு சதுப்பாக இருக்கிறது. விட்டால் புதர் மண்டிவிடுகிறது. இதற்கு ஆள் வேண்டும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கட்டடத்துக்குப் பணம் கொடுக்கும் கொடையாளர்கள் கோரை அறுக்கப் பணம் கொடுப்பதில்லை. அறக்கட்டளைகள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மாணவர்களால் என்ன ஆகும் என்று கேட்கிற தோழர்களுக்குச் சென்னைக் கடற்கரையைக் காட்டுகிறேன். 1970-களின் தொடக்கத்தில் கிண்டிப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி இரவில் நடந்தார்கள்; சதீஷ் பாஸ்கரும் அவர்களில் ஒருவர். 1988-இல் மாணவர்களே கூடி 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு இரவாக நடக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மாறிவிட்டார்கள், நடை நிற்கவில்லை.

நம் சங்கத்தில் தீவிலிருந்து வந்தவர்கள் சிலர் இருக்கிறோம். விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். சிப்பிகாட்டின் நீர்நிலைகள் எந்த எந்தப் புல எண்ணில் வருகின்றன, பதிவேட்டில் என்னவென்று எழுதப்பட்டிருக்கின்றன என்பதை வருவாய் அலுவலகத்தில் கேட்டு எழுதி வருவது ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டம் இருக்கும்போது அது கடினமும் அன்று. அந்த நிலங்களின் உழவர் குடும்பங்களைக் கண்டு, மண் கொட்டுகிறவர் ஏக்கருக்கு என்ன கொடுக்கிறார், குத்தகையாக என்ன கொடுத்தால் அவர்கள் நிலத்தை அப்படியே வைத்திருப்பார்கள் என்று கேட்பது இரண்டாவது வேலை. அவர்களுள் பலருக்கு வங்காளம் தாய்மொழி. வங்கத் தோழர் ஒருவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். சட்டம் படிப்பவர்கள் சமுதாயக் காப்பகத்துக்குரிய விண்ணப்பத்தை 1966-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையோடு ஒத்துப் பார்த்துத் தரலாம். வண்டூர் நிலையத்தாரிடம் ஆலோசனை கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர்கள் எது நடக்கும், எது நடக்காது என்று நேரே சொல்லிவிடுவார்கள்.

கிளுவைகளையும் எண்ண வேண்டும். எண்ணிக்கை இல்லாமல் போனால் எந்த அலுவலகமும் செவி கொடுக்காது. அவை விடிவதற்கு முன் இரைநிலத்திலிருந்து அலையாத்திக்குத் திரும்பும். ஆதலால் டாலிகஞ்சிலிருந்து முதல் பேருந்துக்குக் காத்திருந்தால் பயனில்லை. நான்கு மணிக்கே இரு சக்கர வண்டிகளில் கிளம்ப வேண்டும். தீவில் சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாக எழுகிறான் என்பதைத் தாய்நாட்டுத் தோழர்கள் கணக்கில் கொள்ளுங்கள். இரண்டு தொலைநோக்கிகள் கிடைத்திருக்கின்றன. இன்னும் இரண்டு வேண்டும். வைத்திருப்பவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம்.